உப்பு மூடப் போனவர்களும் அவர்களை ஏற்ற வந்த பேருந்தும்

நீங்கள் அனுப்பிய திட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. ‘ஒருங்கிணைப்பு’ என்ற சொல் இல்லாத பக்கம் ஒன்றாவது இருக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு இருக்கும் ஒரே சௌகரியம், எரிச்சல் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான். அதனால் எரிச்சலோடுதான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

நீங்கள் இப்போது செய்யப்போகும் வேலையைத்தான் நான் பணியில் இருந்த காலமெல்லாம் செய்தேன். தீவு நாடுகளுக்குத் தேசியத் திட்டம் எழுத உதவும் வேலை. அந்த நாடுகளில் புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் ஒரு துறை இருக்கும். பருவநிலை மாற்றத்துக்கு இன்னொரு துறை இருக்கும். முதல் துறைக்காரர்கள் நாளைக்கு வரப்போகிற காற்றைப் பார்ப்பார்கள். இரண்டாம் துறைக்காரர்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஏறப்போகிற கடலைப் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே வராந்தாவில் எதிரெதிர் அறையாகத்தான் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஒருவருக்கொருவர் கேக் கொடுத்துக்கொள்வார்கள், கோப்பு மட்டும் கொடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த இருவரையும் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவதுதான் நம் பிழைப்பு.

பசிபிக்கில் ஒரு சின்ன நாட்டுக்கு நானும் என் குழுவும் அப்படி ஒரு திட்டம் எழுதி முடித்தோம். அழகான அட்டை, உள்ளே வழவழப்பான தாள். அந்த நாட்டின் திட்டத்துறைச் செயலாளர் ஒரு பெண்மணி. வாட்டசாட்டமான உருவம், காதில் எப்போதும் ஒரு பூ, யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடும் பழக்கம். என்னைவிடப் பொறுமை இல்லாத ஒருவரை என் பணிக்காலத்தில் பார்த்தது அப்போதுதான். அந்த அம்மா திட்டத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, இது இரண்டு திட்டம், நடுவில் பசை தடவி ஒட்டியிருக்கிறீர்கள் என்றார். எங்கேயாவது இது ஒரே திட்டமாக நடக்கும் இடத்தைக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன், இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் தலைமை அலுவலகம் கொஞ்சமும் யோசிக்காமல் நம் கடற்கரையில் இருக்கும் மரக்காணத்தைக் காட்டியது. அங்கே இரண்டு திட்டங்களும் நடந்துகொண்டிருந்தன, இரண்டுக்கும் நல்ல பெயரும் இருந்தது. நான் பக்கத்துக் கிளியனூர்க்காரி என்பதால் விருந்தாளிகளைக் கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. செயலாளரும் அவருடைய சகாக்கள் சிலரும் வந்து இறங்கினார்கள். குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் தங்க வைத்தோம். நல்ல கோடை. மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாருகிற காலம்.

முதல் நாள் வானூரில் ஒரு கூட்ட அறை. விளக்கம் சொன்னவர் பேரிடர்ப் பக்கத்து இளம் அதிகாரி. நல்ல பையன், சுறுசுறுப்பானவர், அவர்மேல் இன்றுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருடைய திட்டம் இதுதான்: புயல் எச்சரிக்கை வந்த உடனே மைக் கட்டிய ஆட்டோ ஊருக்குள் போகும், பேருந்துகள் ஊர் நிறுத்தத்தில் வந்து நிற்கும், ஜனங்களை ஏற்றிப் பாதுகாப்பு மையத்தில் கொண்டுபோய் விடும். பருவநிலைப் பக்கத்தாரின் திட்டம் வேறு. இப்போதெல்லாம் காலம் தவறி மழை வந்து உப்பு கரைந்துபோகிறது என்பதால், புயல் எச்சரிக்கை வந்த உடனே உப்பள முதலாளிகளின் போனுக்கும் மேஸ்திரிகளின் போனுக்கும் செய்தி போகும், குவித்து வைத்த உப்பு அம்பாரங்களை மூடிக்கொள்ளுங்கள் என்று. மூடுவதற்குத் தார்ப்பாயும் கொடுத்திருந்தார்கள். திரையில் இரண்டு பெட்டி போட்டு நடுவில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. அந்த அம்புக்குறி வழியாக என்ன போகிறது என்று செயலாளர் கேட்டார். ஒருங்கிணைப்பு என்றார் அதிகாரி. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் டீ வந்துவிட்டதா என்று பார்க்கிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

மறுநாள் காலையில் நிஜமாகவே எச்சரிக்கை வந்துவிட்டது. வங்கக் கடலில் சுற்றிக்கொண்டிருந்த புயல் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. விருந்தாளிகளை அறையிலேயே உட்கார வைத்திருக்க வேண்டும். ஆனால் இளம் அதிகாரிக்கு உற்சாகம். நேரிலேயே பார்க்கட்டுமே என்றார். செயலாளர் அதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். எங்களுக்காகவே ஒரு பேருந்து ஒதுக்கினார்கள். மேகம் கறுத்துக் கிடக்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

எல்லாம் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேருந்துகள் ஊர் நிறுத்தத்துக்கும் மையத்துக்குமாக ஓடியிருந்தன. மையத்தில் எலுமிச்சை சாதம் தயார். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கிழவர்கள், குழந்தைகள், நான்கைந்து ஆடுகள். அவ்வளவுதான். பேருந்துகள் முக்கால்வாசி காலியாகத் திரும்பி வாசலில் நின்றன. இளம் அதிகாரிக்கு விருந்தாளிகள் முன்னால் மானம் போகிறதே என்ற தவிப்பு. இந்த ஜனங்களே இப்படித்தான், சொன்னால் கேட்கமாட்டார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிடுவார்கள் என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

செயலாளர் கைக்குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், இவர்களுடைய தாய்மார்கள் எங்கே என்று கேட்டார். நான் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். நான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

“உப்பு மூடப் போயிருக்காங்க. புயல் வருதுன்னு போன்ல வந்துச்சுல்ல” என்றார்.

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரே எச்சரிக்கை. அதைக் கேட்டு ஒரு அலுவலகம் அவர்களை ஏற்றிப்போக ஊருக்குள் பேருந்தை அனுப்புகிறது. அதே எச்சரிக்கையைக் கேட்டு இன்னொரு அலுவலகம் அதே ஆட்களைக் கடல் பக்கம் உப்பளத்துக்கு அனுப்புகிறது. இரண்டும் எள்ளளவும் பிசகாமல் நடந்திருந்தது. இதைப் பார்க்க ஒரு நாட்டின் செயலாளரை விமானத்தில் கூட்டிவந்திருந்தோம்.

இளம் அதிகாரியைப் பிடித்தேன். உப்பளம் தன் வரம்பில் வராது என்றார். பருவநிலைப் பக்கத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். “எங்க வேலை வார்னிங் குடுக்கறதோட முடிஞ்சுதுங்க மேடம். ஆளை ஏத்தறது அவங்க வேலை” என்று பதில் வந்தது. போனை இவரிடம் கொடுத்தேன். இவர் பேசினார், மரியாதையாகப் பேசினார், பேசிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. மையத்தின் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. உப்பளத்தில் வேலை செட்டு செட்டாக நடக்கும். ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர், அதில் பெண்கள்தான் அதிகம். முதலாளி மேஸ்திரியைக் கூப்பிடுவார், மேஸ்திரி ஆளைக் கூப்பிடுவார். சாதாரண நாளில் ஒருவர் வராவிட்டால் பரவாயில்லை. மூடுகிற நாளில் வராதவரை, அல்லது வந்து பாதியில் போனவரை, அந்த சீசன் முழுக்க யாரும் கூப்பிட மாட்டார்கள். யாரும் இதை எழுதி வைக்கவில்லை, மிரட்டிச் சொல்வதும் கிடையாது. எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். சீசன் போனால் மழைக்காலத்துக்கு வீட்டில் ஒன்றும் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியின் எண்ணை வாங்கிப் பேசினேன். ஆளை அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மறுக்கவில்லை. “பக்கத்து செட்டு நின்னு மூடிக்கிட்டு இருக்கும்போது என் செட்டை மட்டும் எப்படிங்க அனுப்பறது? நாளைக்கு ஓனர் கேட்டா நான் என்னத்த சொல்றது?” என்றார். பக்கத்து செட்டு மேஸ்திரியும் இதையேதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆக, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினால் பொழுதுதான் போகும். எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும், கிளம்பியதற்கு முதலாளியிடம் சொல்ல ஒவ்வொரு மேஸ்திரிக்கும் ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும்.

வாசலில் நின்ற ஒரு பேருந்தை உப்பளத்துக்கு விடச் சொன்னேன். ஓட்டுநர் நல்ல மனிதர்தான், ஆனால் டிரிப் ஷீட்டில் ஊரும் மையமும்தான் போட்டிருக்கிறது, வேறு வழியில் போய் வண்டி சேற்றில் மாட்டினால் தன் வேலை போய்விடும் என்றார். அதில் நியாயம் இருக்கிறது. ஓட்டுநர் என்ன சொல்கிறார் என்று செயலாளர் கேட்டார். நான் சொன்னேன். எங்கள் பேருந்துக்கு என்ன உத்தரவு என்று கேட்டார். எங்கள் பேருந்துக்கு, விருந்தினர் விரும்பும் இடங்களுக்கு அழைத்துச் செல்லவும் என்று போட்டிருந்தது. செயலாளர் உடனே அதில் ஏறி, முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, உப்பளம் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த நாளில் இருந்த உத்தரவுகளிலேயே கொஞ்சமாவது வளைய இடம் இருந்தது விருந்தோம்பல் உத்தரவில்தான். சிரிக்காதீர்கள். நெருக்கடியில் புது உத்தரவு வாங்கப் போகாதீர்கள், யாரும் தரமாட்டார்கள். கையில் இருக்கும் உத்தரவுகளில் எது வளைந்து கொடுக்கும் என்று பாருங்கள். இளம் அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு திடீரென்று மற்ற இரண்டு ஓட்டுநர்களையும் பார்த்து, “கெஸ்ட் வண்டிக்குப் பின்னாடி பாதுகாப்புக்குப் போங்க” என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

உப்பளத்தின் ஓரமாகப் போகிற மண்பாதையில் ஹாரனை அடித்துக்கொண்டே மூன்று பேருந்துகளும் போயின. கழுவெளிச் சதுப்புப் பக்கம் தண்ணீர் ஏற்கெனவே மேலேறிக்கொண்டிருந்தது. பாத்திகளின் நடுவே ஆங்காங்கே அம்பாரம் அம்பாரமாக உப்பு. ஒவ்வொன்றின் மேலும் நீலத் தார்ப்பாய் காற்றில் எழும்பி எழும்பி அடித்துக்கொள்ள, பெண்கள் அதன் ஓரங்களைப் பிடித்து மணல் மூட்டை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிகள் ஓடிவந்தார்கள். நான் உரக்கச் சொன்னேன்: “வெளிநாட்டுக்காரங்க உங்க ஆளுங்களப் பாக்கணும்னு வந்திருக்காங்க. எல்லா செட்டையும் இப்பவே பஸ் கிட்ட கூட்டிட்டு வாங்க. ஆபீஸர் உத்தரவு.”

நான் போனில் பேசிய மேஸ்திரி ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஓனரிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது. திரும்பி, “ஏம்பா, எல்லாரும் வாங்கப்பா, ஆபீஸருங்க கூப்புடறாங்க” என்று குரல் கொடுத்தார். மற்ற மேஸ்திரிகளும் கொடுத்தார்கள். ஜனங்கள் வரப்பு மேல் வரிசையாக வர ஆரம்பித்தார்கள்.

ஒருத்தி மட்டும் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் கன்னியம்மா. கிளியனூரில் எங்கள் தெருவில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் எனக்குச் சில வகுப்புகள் கீழே படித்தவள், மரக்காணத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் இல்லை. பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். புடவைமேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தார்ப்பாயின் ஒரு முனையை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள்.

“இது பாதிதான்க்கா மூடியிருக்குது. வுட்டுட்டு வந்தா நாளைக்கு என்னைக் கூப்புடுவாங்களா?” என்று கேட்டாள்.

கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. என் பின்னாலேயே வந்திருந்த செயலாளர் என்ன கேட்கிறாள் என்றார், சொன்னேன். அந்த அம்மா, செருப்பு சேற்றில் புதைந்து போக, அதை அப்படியே விட்டுவிட்டு நடந்து போய்த் தார்ப்பாயின் இன்னொரு முனையைப் பிடித்தார். நானும் பிடித்தேன். மூன்று பேருமாக இழுத்தோம். அப்போது அடித்த காற்று தார்ப்பாயை எங்கள் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்த் தூரத்தில் பாத்திக்குள் போட்டது. கன்னியம்மா அது போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து பேருந்தில் ஏறினாள்.

அன்று மாலை கடல் உள்ளே வந்தது. மூடிய அம்பாரம், மூடாத அம்பாரம் என்று வித்தியாசம் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. பேருந்துகள் போன மண்பாதையே மறுநாள் இல்லை. உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. மையத்தில் தாய்மார்கள் குழந்தைகளை வாங்கிக்கொண்டபோது நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அப்புறம்தான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. இரண்டு அலுவலகங்களும் அறிக்கை அனுப்பின. ஒன்று, உரிய நேரத்தில் செய்தி அனுப்பியதால் உப்பு உற்பத்தியாளர்கள் முன்னெச்சரிக்கை எடுத்தார்கள் என்றது. இன்னொன்று, அனைவரும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள் என்றது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து, ஒருங்கிணைப்புக்குச் சிறந்த உதாரணம் என்று எங்கள் தலைமை அலுவலகம் ஒரு கையேட்டில் போட்டது. கன்னியம்மா தார்ப்பாய் பிடித்து நிற்கிற படம்கூட அதில் வந்தது. யாரோ விருந்தாளி எடுத்தது.

ஊர் திரும்பிய செயலாளர் சில வாரம் கழித்து போன் செய்தார். அந்தப் பெண்கள் வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டார். போவார்கள் என்று நினைக்கிறேன் என்றேன். நினைப்பதற்கா உனக்குச் சம்பளம் கொடுத்தார்கள், போய்ப் பார்த்துச் சொல் என்று போனை வைத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டிருக்கவில்லை.

போனேன். பாத்திகளைச் சீர்செய்து வேலை மறுபடி ஆரம்பித்திருந்தது. ஆனால் வாருகிறவர்கள் புது முகங்கள், வேறு ஊர்களிலிருந்து கூட்டிவந்த செட்டுகள். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒரு மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த காரணத்தை அவர் ஓனரிடம் சொல்லத்தான் செய்திருக்கிறார். ஓனர் கேட்டுக்கொண்டாராம், சண்டை எதுவும் போடவில்லையாம். கூப்பிடவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினால் யாரையும் ஒதுக்க முடியாது என்று கணக்குப் போட்டவள் நான். எல்லாரையுமே ஒதுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். கூலி விஷயம் எங்களிடம் இல்லை என்றார்கள் பேரிடர்ப் பக்கத்தார். எங்கள் திட்டம் உப்பு உற்பத்தியாளர்களுக்கு, இவர்கள் கூலியாட்கள்தானே என்றார்கள் பருவநிலைப் பக்கத்தார். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னேன், பேருந்தில் ஏறச் சொன்னது நாம்தானே என்று. தலையாட்டினார்கள், டீ கொடுத்தார்கள். எழுதிக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்கள்.

செயலாளர் தன் நாட்டுத் திட்டத்தில் ஒரு பத்தியைத் தானே எழுதிச் சேர்த்தார். எச்சரிக்கையைக் கேட்டு வேலையை விட்டுப் போகிறவருக்கு அந்த வேலை போகக்கூடாது, போனால் யார் ஈடு செய்வது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும் என்று. அங்கேயும் மீன் பதப்படுத்துகிற ஆலைகளில் இதே கதைதானாம். அது தொழிலாளர் அமைச்சகத்தின் விஷயம் என்று அமைச்சரவை அந்தப் பத்தியை எடுத்துவிட்டது. அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை போடவில்லை. பிடிவாதக்காரி என்று எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

கன்னியம்மாவை அடுத்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிளியனூர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். களையெடுக்கிற வேலைக்கு வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கிடைக்கிறது என்றாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. செருப்பை விட்டுவிட்டுப் போன அந்த அம்மா நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தாள். அந்த அலுவலகங்களுக்கு இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், விடமாட்டேன் என்று நான் சொன்னேன். எழுதுங்க அக்கா என்றாள். மரக்காணம் வண்டி வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“அடுத்த தடவ புயலு வந்து பஸ் அனுப்புனீங்கன்னா நான் ஏற மாட்டேன்க்கா. எம் பொண்ண மட்டும் ஏத்தி வுட்டுடறேன். நீங்க பாத்து எறக்கிக்குங்க.”